நாலு எல்லையும் ஒரு ஒற்றியும்

கரமனையிலிருந்து மணக்காட்டுக்கு மின்கம்பங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால், திருவனந்தபுரத்தில் வீடு கைமாறும் முறை பாதி விளங்கிவிடும். 'வீடு வாடகைக்கு' என்ற தாளுக்குப் பக்கத்திலேயே 'வீடு ஒற்றிக்கு' என்று இன்னொரு தாள் ஒட்டியிருக்கும். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் குடியேறலாம். மாத வாடகை கிடையாது, கொடுத்த தொகைக்கு வட்டியும் கிடையாது. பேசிய காலம் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுப் பணத்தை முழுசாக வாங்கிக்கொண்டு போகலாம். நாகர்கோவிலில் இதை ஒத்தி என்பார்கள், சென்னையில் லீஸ் அல்லது போக்கியம் என்பார்கள். வீடு கட்டவும் வாங்கவும் பணம் புரட்டுகிற வழியாக அது இங்கே வேரோடியிருக்கும் அளவுக்கு வேறெங்கும் நான் கண்டதில்லை.

நான் ஆதாரமெழுத்துக்காரன். தமிழ்நாட்டில் பத்திரம் என்பதை இங்கே ஆதாரம் என்போம். என் அப்பாவுக்கும் இதே தொழில். தாத்தா கோட்டாற்றிலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு வியாபாரம் பார்த்தவர். திவான் ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அமைத்த அந்தக் கடைத்தெருவில் நாஞ்சில்நாட்டு வெள்ளாளர்களும் திருநெல்வேலிக்காரர்களும் தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கிறோம். மலையாளிகள் எங்களை இன்னமும் 'அண்ணாச்சி' என்றே கூப்பிடுகிறார்கள். வீட்டில் தமிழ் பேசி, பதிவுக் கச்சேரியில் மலையாளத்தில் ஆதாரம் எழுதி என் வாழ்க்கை போயிருக்கிறது. மற்றவர்களின் வீட்டுக் கணக்கையெல்லாம் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்று உண்டு. இந்த நகரத்தில் சாதாரண மனிதனை வீட்டுக்காரனாக்கியவை ஒற்றியும், சிட்டி என்ற சீட்டும்தான். வங்கி வந்து சேர்ந்தது கடைசியில். இப்போதும் நல்ல விலை சொல்லி வீட்டைப் பிடிப்பவர்களில் பலர் இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிக்கத் தெரிந்தவர்களே.

விற்க முடிகிற மண் என்பதே இங்கு அவ்வளவு பழைய சங்கதி இல்லை. வேணாடு என்ற பழைய திருவிதாங்கூர் மண்ணில் பெரும்பங்கு கோயிலுக்கும் அரசுக்கும் ஜன்மிகள் என்ற நிலப்பிரபுக்களுக்கும் உரியதாக இருந்தது. கோட்டைக்குள்ளும் அதைச் சுற்றியும் ஏராளமான நிலம் ஸ்ரீபண்டாரவகை, அதாவது பத்மநாபசுவாமி கோயிலின் சொத்து. அதை அரசு ஏற்று, குடியிருப்பவர்களுக்கு உரிமை கொடுக்கும் சட்டம் 1971-ல்தான் வந்தது. அரசு நிலத்தில் குடியிருந்தவர்களுக்கு 1865 ஜூன் வரை அனுபவிக்கும் பாத்தியதை மட்டுமே உண்டு. அந்த மாதம், கொல்லம் 1040 இடவத்தில், ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் பண்டாரப்பாட்ட விளம்பரம், அதாவது அரசுக் குத்தகை நிலம் பற்றிய அறிவிப்பு வந்தது. கும்பகோணத்துக்காரரான டி. மாதவராவ் அப்போது திவான். பாட்டதாரர்கள் தங்கள் நிலத்துக்கு முழு உடைமையாளர்கள் என்றும், விற்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைகளுக்கு விடலாம் என்றும் அது அறிவித்தது. திருவிதாங்கூர் குடியானவர்களின் மாக்னா கார்ட்டா என்று வரலாற்றாசிரியர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். என் தொழிலில் இருப்பவனுக்கு அது வேறு வகையில் முக்கியம். இங்கே எழுதப்படும் விலையாதாரங்களில் பெரும்பான்மை அந்த விளம்பரத்தின் வாரிசுகள். 'எனக்குப் பூரண உடைமையும் கைவசமும் உள்ளது' என்று ஒரு சாதாரண மனிதன் எழுதிக் கொடுக்கிற தைரியம் அன்றுதான் பிறந்தது.

அதற்கு முன்னால் நிலத்தை வைத்துப் பணம் புரட்டியது எப்படி? கோட்டைக்குள் இருக்கும் ஆவணக் காப்பகத்தில் 2022 டிசம்பரில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் திறந்தார்கள். பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும். ஓலைகளைச் சக்கரம்போலச் சுருட்டி வைத்த சுருணைகள், வட்டெழுத்திலும் மலையாண்மை எழுத்திலும் எழுதிய கணக்குகள், நில ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. பழைய வீடுகளிலிருந்து என் அப்பாவிடம் வந்த ஓலைகளில் அவர் திரும்பத் திரும்பச் சந்தித்தது 'ஒற்றியும் குழிக்காணமும்' என்ற ஆவணத்தைத்தான். நிலத்துக்காரர் ஒரு தொகை வாங்கிக்கொண்டு நிலத்தை இன்னொருவர் கையில் கொடுப்பார். வாங்கியவர் அங்கே தென்னை வைப்பார், பலா வைப்பார், குடில் கட்டுவார். மீட்கும்போது நிலத்துக்காரர் ஒற்றித்தொகையோடு அந்த மரத்துக்கும் சுவருக்கும் மதிப்புப் போட்டுக் கொடுத்தாக வேண்டும். நான்கு பேர் தோட்டத்தில் நின்று ஒவ்வொரு மரமாக எண்ணி விலை சொல்வார்கள். உழைத்துச் சேர்த்தது போகாது என்ற நிச்சயம் இருந்ததால்தான் ஒருவன் இன்னொருவன் மண்ணில் பணத்தை இறக்கினான்.

அந்தக் கணக்குகளெல்லாம் பணத்திலும் சக்கரத்திலும் நடந்தன. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். இந்த அரைச் சக்கர வித்தியாசத்துக்காகக் கச்சேரிகளில் வழக்கு நடந்தது என்று அப்பா சொல்வார். ஒற்றியில் பேசிய ரூபாய் எந்த ரூபாய் என்பதை எழுதியவன் தெளிவாக எழுதாவிட்டால் மீட்கிற நாளில் தகராறு உறுதி.

ஒற்றிக்கு இன்னொரு குணம் உண்டு, விலை பேசுவதற்கு அது முக்கியம். மலபாரில் ஒற்றி கொடுத்தவர் நிலத்தை விற்க நினைத்தால் முதலில் ஒற்றிக்காரரிடம்தான் விலை கேட்கவேண்டும். அது வழக்காறு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீதிமன்றங்களும் அதை ஏற்றன. 1887-ல் மலபார் மேனுவல் எழுதிய வில்லியம் லோகன் இந்த உரிமைகளை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இன்று அப்படி ஒரு சட்டக் கட்டாயம் நகரத்தில் இல்லை. ஆனாலும் ஒற்றிக்கு இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டை விற்பதைக் கரமனையிலும் வலியசாலையிலும் மனிதர்கள் மரியாதைக்குறைவாகவே பார்க்கிறார்கள். 'குடியிருந்தவனிடம் கேட்டாயா?' என்பது விலை பேச வந்தவரிடம் பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வி. இது நல்ல வழக்கம் என்பது என் அபிப்பிராயம். எங்கே ஒழுகுகிறது, எந்தக் கோடையில் கிணறு வற்றுகிறது என்று குடியிருந்தவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லும் விலைதான் அந்த வீட்டின் நேர்மையான விலைக்குப் பக்கத்தில் இருக்கும்.

நகரத்தில் வீட்டுமனைச் சந்தை உண்மையில் சூடுபிடித்தது 1920-களில். காரணம் குடும்பச் சட்டம். நாயர் தறவாடுகளிலும், எங்கள் நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் வீடுகளிலும், சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழி நிலவியது. சொத்து குடும்பத்தின் மூத்த ஆணான காரணவரின் நிர்வாகத்தில் பிரிக்க முடியாமல் கிடக்கும். விற்க வேண்டுமானால் எல்லா அங்கத்தினரும் கையெழுத்துப் போடவேண்டும். பம்பாயில் வேலை பார்க்கும் ஒரு மருமகன் இசையவில்லையென்றால் பேச்சு அங்கேயே நின்றது. 1912-ன் நாயர் ரெகுலேஷன் கதவைக் கொஞ்சம் திறந்தது, 1925-ன் ரெகுலேஷன் முழுவதும் திறந்துவிட்டது. ஈழவர்களுக்கும் அதே ஆண்டில், நாஞ்சில்நாட்டு வெள்ளாளர்களுக்கு 1926-ல் சட்டம் வந்தது. எங்கள் சட்டத்துக்குப் பின்னால் ஒரு தமிழ்க் கவிஞரின் குரல் இருந்தது என்பது எனக்குப் பெருமை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். மருமக்கள் வழியில் மனைவி மக்கள் படும் பாட்டை அவர் 'மருமக்கள்வழி மான்மியம்' என்ற நூலில் எழுதினார். எங்கள் பாட்டி அதை எழுத்துக்கூட்டி வாசித்து அழுதவர்.

பாகம் வைத்ததும் என்ன நடந்தது? பெரிய புரையிடங்கள், அதாவது வீட்டு வளாகங்கள், துண்டாயின. ஒவ்வொரு துண்டும் ஒருவர் பெயரில். படிப்புக்கு, கல்யாணத்துக்கு, வழக்குச் செலவுக்குப் பணம் வேண்டியவர்கள் தங்கள் பங்கை ஒற்றி வைத்தார்கள், பிறகு விற்றார்கள். வாங்கியவர்கள் அரசு குமாஸ்தாக்கள், வக்கீல்கள், சாலை வியாபாரிகள். அந்தக் காலத்துப் பாகப்பத்திரங்களை முன்னாதாரக் கட்டில், அதாவது தாய்ப்பத்திரங்களில், பார்க்கும்போதெல்லாம் நான் நிதானமாக வாசிப்பேன். எட்டுப் பத்து ஷெட்யூல், கிணற்றில் தண்ணீர் கோரும் உரிமை யாருக்கு, சர்ப்பக்காவு யாருக்கும் இல்லாமல் பொதுவில். அந்தப் பொதுவில் விட்ட ஒன்றரைச் செண்டு காவினால் எண்பது வருஷம் கழித்து வங்கிக் கடன் நின்றுபோன வீடுகள் உண்டு. உறவு அறுத்து எழுதுவதற்கும், ஒற்றியை விடுவித்து எழுதுவதற்கும் இங்கே ஒழிமுறி என்றே பெயர். ஜெயமோகன் திரைக்கதை எழுதி மதுபால் இயக்கிய 2012-ன் 'ஒழிமுறி' படம் இந்தத் தென் திருவிதாங்கூர் வீடுகளின் கதைதான். கூட்டுக்குடும்ப முறையைக் கேரளம் முழுவதுமாக ஒழித்தது 1975-ன் சட்டத்தில், அமலானது 1976 டிசம்பர் 1. அந்தத் தேதிக்கு முன், பின் என்பதை வைத்து இன்றும் உடைமையைப் பரிசோதிக்கிறோம்.

அப்போது வங்கிகள் இல்லாமலா இருந்தன என்று கேட்கலாம். திருவிதாங்கூரில் வங்கிகளுக்குப் பஞ்சமே கிடையாது. அதுதான் துயரமாக முடிந்தது. திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் குயிலோன் வங்கியும் 1937-ல் இணைந்து தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் ஒன்றாயின. மறு ஆண்டு 1938 ஜூனில் அது கதவை மூடியது. சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலம். வங்கியை நடத்திய கே.சி. மாம்மன் மாப்பிள்ளையும் சி.பி. மாத்தனும் சிறைக்குப் போனார்கள். அரசியல் பழிவாங்கலா, நிர்வாகக் கேடா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பணம் போட்டிருந்தவர்களுக்கு விவாதத்தால் பயனில்லை. 1960 ஆகஸ்டில் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்தது இரண்டாவது அடி. அதற்குப் பிறகுதான் 1961-ல் நாடு முழுமைக்கும் வைப்புத்தொகைக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. இந்த இரண்டு வீழ்ச்சிகளுக்கும் நடுவே வளர்ந்த தலைமுறை மண்ணையும் பொன்னையும் பக்கத்து வீட்டுக்காரரையும்தான் நம்பியது. பக்கத்து வீட்டுக்காரரை நம்புவது என்றால் சிட்டி.

நம் ஏலச்சீட்டேதான் சிட்டி. சட்டத்தின் கண் இங்கே முன்கூட்டியே விழுந்தது என்பது சிறப்பு. கொச்சியில் 1932-ல் குரிச் சட்டம், திருவிதாங்கூரில் 1945-ல் சிட்டிச் சட்டம், தமிழ்நாட்டில் 1961-ல்தான். பிறகு அரசே சிட்டி நடத்த இறங்கியது. அதற்கான அரசு நிறுவனம் கே.எஸ்.எஃப்.இ. 1969 நவம்பர் 6 அன்று திருச்சூரைத் தலைமையகமாக வைத்து 2 லட்சம் ரூபாய் மூலதனத்தோடு, 10 கிளைகளோடு தொடங்கியது. ஒரு மாநில அரசு சீட்டுப் பிடித்துத் தன் குடிமக்களுக்கு வீடு கட்டப் பணம் கொடுப்பதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

அது வீடாக மாறும் விதத்தைக் கணக்கோடு சொன்னால்தான் புரியும். 10 லட்சம் சலை, அதாவது மொத்தத் தொகை உள்ள சிட்டி, 40 பேர், 40 மாசம், மாசம் 25,000. முதல் மாதங்களில் வீடு வாங்குகிற அவசரக்காரர்கள் விளியில், அதாவது ஏலத்தில், போட்டியிடுவார்கள். ஒருவர் 30 சதவீதம் கிழிவுக்கு (தள்ளுபடிக்கு) விளித்து 7 லட்சத்துக்குச் சிட்டி பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விட்டுக்கொடுத்த 3 லட்சத்தில் நடத்துகிறவருக்கு 5 சதவீத கமிஷன் 50,000 போகும். மிச்சம் 2,50,000-ஐ நாற்பதால் வகுத்தால் ஆளுக்கு 6,250 வீதப்பலிசை, அதாவது லாபப்பங்கு. ஆகவே அந்தத் தவணை எல்லோருக்கும் 18,750-ஆகக் குறையும். அவசரக்காரர் விட்டுக்கொடுக்கும் கிழிவுதான் பொறுத்திருப்பவரின் வருமானம். எடுத்தவர் மீதித் தவணைகளுக்கு ஜாமீன் காட்டவேண்டும். வாங்கப்போகும் வீட்டின் ஆதாரத்தையே ஜாமீனாக வைப்பவர்கள் உண்டு, சம்பளச் சான்று வைப்பவர்கள் உண்டு, தங்கம் வைப்பவர்கள் உண்டு.

என் அம்மா ஆற்றுகால் பக்கம் ஐந்து செண்டு வாங்கியது அப்படித்தான். அப்பாவுக்கு வருமானம் ஒரு மாதம் வந்தால் மறு மாதம் வராது. எந்த வங்கியும் ஆதாரமெழுத்துக்காரனுக்குக் கடன் கொடுத்ததில்லை, சம்பளச் சான்று இல்லையே. அம்மா இரண்டு சிட்டியில் சேர்ந்து ஒன்றை முதலிலும் ஒன்றைக் கடைசியிலும் பிடித்தாள். முதல் சிட்டியில் மனை, கடைசிச் சிட்டியில் கூரை. நடுவில் இருந்த காலத்தில் நாங்கள் ஒற்றி வீட்டில் குடியிருந்தோம். தன் கையால் சிட்டி பிடித்ததால் ஆதாரம் தன் பெயரில்தான் வேண்டும் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். அப்பாவே எழுதினார். அந்தக் காலத்து ஆதாரங்களில் பெண் பெயர் வாங்குபவர் இடத்தில் இருக்குமானால், பின்னால் ஒரு சிட்டியோ விற்ற நகையோ இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

1970 ஜனவரி 1 என்பது இந்த நாட்டின் நில வரலாற்றில் அப்பா தேதியாகவே சொல்லிக்கொடுத்த நாள். நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 1969 திருத்தம் அன்று அமலானது, ஜன்மி முறை முடிந்தது. மற்றவர் நிலத்தில் குடில் கட்டி இருந்த குடிகிடப்புக்காரர்களுக்கு ஊராட்சியில் 10 செண்டு, சிறு நகரசபையில் 5, மாநகரத்தில் 3 செண்டு வாங்கிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. வீட்டு விலையென்று ஒன்று தங்கள் வாழ்க்கையில் வரும் என்று நினைத்தே பார்க்காதவர்கள் உடைமைக்காரர்களானார்கள். இதைக் குறை சொல்கிறவர்களோடு நான் ஒருநாளும் சேர்ந்ததில்லை.

ஒற்றியோ அந்தத் தேதியில் பெரிய கேள்வியாகிவிட்டது. கையில் வைத்திருப்பவர் அடமானக்காரரா, குத்தகைக்காரரா? அடமானம் என்றால் உடைமையாளர் பணத்தைக் கட்டி மீட்கலாம். குத்தகை என்றால் மண்ணே வைத்திருப்பவருக்குப் போகும். சட்டம் ஒரு கோடு போட்டது. 1969 திருத்தத்துக்கு முன் தொடர்ந்து 50 ஆண்டு ஒற்றியாக வைத்திருந்தவர், அல்லது அந்த மண்ணில் தன் குடியிருப்புக்கு வீடு கட்டி 20 ஆண்டு இருந்தவர், குத்தகைக்காரராகவே கருதப்படுவார். தாத்தா ஒரு கஷ்டத்தில் சில நூறு ரூபாய்க்கு வைத்த ஒற்றியைப் பேரன் மீட்க வந்தபோது அங்கே வீடும் பட்டயமும் நின்றன. மறுபக்கம், ஐந்நூறு ரூபாயை வைத்துக்கொண்டு நூறு மடங்கு மதிப்புள்ள வீட்டை விட மறுத்தவர்களும் இருந்தார்கள். இரண்டு பக்கமும் அழுதுகொண்டு அப்பாவின் மேசைக்கு வந்தன. அவர் யாருக்கும் ஆறுதல் சொல்லமாட்டார். ஓலையை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்துத் தேதியை வாசிப்பார்.

மீட்பதற்கான கால வரம்பும் மாறியது. 1908-ன் காலவரையறைச் சட்டத்தில் 60 ஆண்டு என்றிருந்தது 1963 சட்டத்தில் 30 ஆண்டாகச் சுருங்கியது. கைவசத்தோடு கூடிய ஒற்றிக்கு அந்த முப்பது ஆண்டு எங்கிருந்து தொடங்கும் என்பதில் நெடுங்காலம் குழப்பம். 2014-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஒற்றிப்பணம் திருப்பிக் கொடுக்கப்படும்வரை, அல்லது நில வருமானத்தில் கழிந்து தீரும்வரை, மீட்கும் உரிமைக்கான காலம் ஓடத் தொடங்காது. எத்தனை வருஷம் போனாலும் ஒற்றி ஒற்றிதான். வீட்டின்மேல் ஆசைப்பட்டு விலை சொல்லுகிறவர்கள் இந்தத் தீர்ப்பை மனதில் வைக்கவேண்டும். பழைய ஒற்றி ஒன்று குடிக்கடத்தில் தெரிந்து அதற்கு ஒழிமுறி காணவில்லையென்றால், அந்த வீட்டுக்கு இன்னொரு சொந்தக்காரர் உயிரோடு இருக்கக்கூடும். வில்லங்கச் சான்றைத்தான் குடிக்கடம் என்கிறோம்.

எழுபதுகளில் வீடு என்பது அரசியலாகவும் ஆயிற்று. அச்சுத மேனன் அமைச்சரவையில் எம்.என். கோவிந்தன் நாயர் 1972-ல் லட்சம் வீடு திட்டத்தைத் தொடங்கினார். ஊராட்சிக்கு நூறு வீடு என்பது இலக்கு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இந்த நகரத்துக்குக் குடிவந்து நாலாஞ்சிறையில் ஹாம்லெட் என்ற தன் வீட்டைக் கட்டியது அதே காலம். கடன் வாங்கும் சக்தி இல்லாதவருக்கு அவர் வேறொரு வழி காட்டினார். செங்கல்லை நிறுத்திவைத்து நடுவில் இடைவெளி விட்டு அடுக்கினார், பூசாமல் விட்டார், பழைய கதவுகளை எடுத்துப் பொருத்தினார். அப்படிக் குறைத்த செலவுதான் அந்தக் குடும்பங்களுக்குக் கடனாக உதவியது.

பிறகு வளைகுடாப் பணம். முக்தியார் என்ற அதிகாரப் பத்திரம் எழுதாத வாரமே இல்லை என்று அப்பா சொன்ன காலம் அது. துபாயில் இருக்கும் மகனுக்காக அப்பன் விலை பேசுவார், மைத்துனன் முன்பணம் கொடுப்பான், மகன் ஒரு மாத விடுப்பில் வந்து வீட்டை முதன்முறையாகப் பார்ப்பான். வீட்டுக்கடன் என்பது நாட்டிலேயே அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தது. ஹெச்.டி.எஃப்.சி. 1977-ல் பிறந்து மறு ஆண்டு முதல் கடனைக் கொடுத்தது. இங்கே ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவிதாங்கூரும் எல்.ஐ.சி.யும் சம்பளக்காரர்களுக்கு மெல்லக் கதவு திறந்தன. 1990-ல் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் வந்ததும் முதல் சம்பளத்திலேயே வீட்டுக்கடன் கேட்கிற பிள்ளைகள் வந்தார்கள். வயல்களில் மண் நிரப்பி மனையாக்கினார்கள். வருவாய்ப் பதிவேட்டில் வயலாகக் கிடக்கும் மண்ணை 2008-ன் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் கட்டிப்போட்டது. அழகான இரண்டு மாடி வீடு இருக்கும், ரோடு இருக்கும், அடியில் இருக்கும் மண் ஏட்டில் இன்னும் வயலாக இருக்கும். விலை மலிவாகச் சொல்லப்படுகிற இடங்களில் பாதிக்கு இதுதான் காரணம்.

விலை பேசுகிற முறையைச் சொல்லாமல் இந்த வரலாறு முடியாது. இங்கே விலை செண்டுக்குப் பேசப்படும். ஒரு செண்டு 435.6 சதுர அடி. முப்பது வருஷம் கடந்த வீடு என்றால் பேச்சில் வீட்டுக்கு விலையே இருக்காது, மண்ணுக்கு மட்டும்தான். தரகர் வழியே ஒரு தொகை சொல்லி அனுப்புவார்கள். நேரில் போவதற்கு முன் அடுத்த வீட்டு எல்லைக்காரரிடம் பேச்சுக்கொடுப்பார்கள். சொன்ன விலையைக் குறைக்கச் சொல்லுவது வழக்கம், வீட்டைக் குறை சொல்லுவது வழக்கமில்லை. 'இந்தச் சுவரு வெடிச்சிருக்கே' என்று வீட்டு முற்றத்தில் நின்று சொன்னவரோடு வீட்டுக்காரர் அப்புறம் பேசவில்லை. அந்த வீட்டைக் கடைசியில் எடுத்தவர் குறைவான விலை சொன்னவர்தான், ஆனால் பணம் என்று, எப்படி வரும் என்பதைத் தேதியோடு சொன்னார். இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சிட்டி எந்த மாசம் கிடைக்கும், வங்கி எவ்வளவு தரும், கையில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்பவரின் வார்த்தைக்கு இந்த ஊரில் எப்போதும் மதிப்பு அதிகம்.

பேச்சு முடிந்தால் முன்பணமும் காரார் என்ற ஒப்பந்தமும். 2015 ஜூன் முதல் வீட்டு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. கட்டுமான நிறுவனத்திடம் ஃபிளாட் வாங்கினால், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் கேட்க 2016-ன் ரெரா சட்டம் அவர்களை அனுமதிப்பதில்லை. ஆதாரம் நடத்தும் அன்று முத்திரைக்கு 8 சதவீதம், பதிவுக்கு 2 சதவீதம். 50 லட்சம் வீட்டுக்கு 5 லட்சம் அப்படியே போகும். அதைக் கணக்கில் சேர்க்காமல் விலை சொல்லிவிட்டுக் கடைசி வாரத்தில் ஓடுகிறவர்களைப் பார்க்க வேதனையாக இருக்கும். 2010 ஏப்ரலில் அரசு நியாய விலை நிர்ணயித்த பிறகு, ஆதாரத்தில் பாதி விலை காட்டுகிற பழைய பழக்கம் பெரிதும் அடங்கியது. அதை நான் வரவேற்கிறேன். பாதி விலை எழுதிய ஆதாரத்தைக் கொண்டுபோன பிள்ளைகளுக்கு வங்கி பாதிக்குத்தான் கடன் கொடுத்தது.

அப்பா மேசைக்கு விலையோடு ஓடிவரும் ஆட்களிடம் ஒன்றே சொல்வார்: "வெலய பொறவு பேசு மக்கா, மொதல்ல முன்னாதாரத்தக் கேளு." இப்போது அந்தப் பட்டியல் நீண்டுவிட்டது. முப்பது வருஷக் குடிக்கடம், போக்குவரவு (பெயர் மாற்றம்) முடிந்த தண்டப்பேர் (நிலவரிக் கணக்கு எண்), நடப்பாண்டு கரம் கட்டிய ரசீது. கூட்டுறவு வங்கிக் கடனென்றால் கெஹான் என்று குடிக்கடத்திலேயே தெரிந்துவிடும். மற்ற வங்கியில் ஆதாரத்தை ஒப்படைத்து எடுத்த கடன் அதில் வராமல் போகலாம். ஆகவே அசல் ஆதாரத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும். 2011-ல் தொடங்கிய செர்சாய் என்ற அடமானப் பதிவேட்டிலும் தேடவேண்டும்.

இன்றைய ஒற்றியில் என்னைத் தூங்கவிடாத விஷயமும் இப்படி மறைந்து கிடக்கும் கடன்தான். பத்து லட்சம் ஒற்றி கொடுத்தால், அதை 7 சதவீத வைப்பில் போட்டிருந்தால் மாசம் வந்திருக்கக்கூடிய 5,833 ரூபாய்தான் உண்மையான வாடகை. அந்தத் தொகைக்கு நல்ல வீடு கிடைப்பதால் இளம் குடும்பங்கள் விரும்பி வருகின்றன. உடைமையாளர் அந்தப் பத்து லட்சத்தை முன்பணமாக்கி இரண்டாவது வீடு வாங்குகிறார். ஆனால் பலர் ஒற்றியை 200 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள ஒற்றியைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பதிவில்லாத தாளை நம்பி, ஏற்கெனவே ஒரு வங்கியில் அடமானத்தில் இருந்த வீட்டுக்கு ஒரு நர்ஸ் குடும்பம் தன் சேமிப்பு முழுவதையும் கொடுத்திருந்தது. தவணை நின்றதும் வங்கி 2002-ன் சர்ஃபாசி சட்டப்படி வீட்டைக் கைப்பற்ற வந்தது. அந்தப் பெண் தாளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, "அண்ணாச்சி, இதுல கையெழுத்து இருக்கே" என்றாள். கையெழுத்து இருந்தது. வங்கியின் உரிமை அதற்கு முந்தியது. பணத்துக்காக உடைமையாளர்மேல் வழக்குப் போடுவதைத் தவிர நான் சொல்வதற்கு வேறு இல்லை.

சென்ற மழைக்காலத்தில் பாப்பனங்கோட்டில் ஒரு ஆதாரம் நடத்தினேன். வாங்கியவர்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் தம்பதி. வீட்டில் ஒற்றிக்கு ஒரு வயதான அம்மா இருந்தார், அவரிடம் முதலில் கேட்டாயிற்று, வாங்கும் வசதி அவருக்கு இல்லை. பதிவான ஒற்றி. அன்று காலையில் முதலில் ஒழிமுறி எழுதினேன். தம்பதி பிடித்த சிட்டியின் காசோலை நேராக அந்த அம்மாவின் கணக்குக்குப் போயிற்று. ஒழிமுறி எண் விழுந்த பிறகே விலையாதாரம் சார்பதிவாளர் முன் போனது. வங்கியின் வரைவோலை உடைமையாளருக்கு. அந்த அம்மா இன்னும் மூன்று மாதம் வாடகை இல்லாமல் இருந்துகொள்ளலாம் என்று வாங்கியவர்களே சொன்னார்கள். வாய்ப்பேச்சாக இருக்கவேண்டாம் என்று அதையும் ஒரு தனிக் காராராக எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கி, ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தேன்.